கம்பஸ் ஹொஸ்டலில சஹருக்கு என்ன செய்றீங்க? (வன்னிப் பக்கம்)

நீராவிப்பிட்டி_பேரன்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

நான் ரெண்டாம் வருசம். வன்னியில ஒரு கம்பஸ், பேர் தேவையில்ல. பிறையைப் பொறுத்து 2026 பெப்ரவரி 18 இல்லாட்டி 19 நோன்பு தொடங்குது. பசியைப் பத்தியோ தாகத்தைப் பத்தியோ கேக்க வரல்ல. அதுக்கெல்லாம் முதல் கிழமையிலயே உடம்பு பழகிரும். எனக்குப் பிரச்சினை சஹர், நோன்புக்கு விடியமுந்திச் சாப்பிடுற சாப்பாடு.

இஃப்தாருக்குக் குறைவே இல்ல. மஜ்லிஸ் (முஸ்லிம் மாணவர் சங்கம்) வைக்கும், பட்ச் வைக்கும், பீடம் வைக்கும். யாராவது ஒரு அரசியல்வாதி வந்து பேனர் கட்டி போட்டோ எடுத்துட்டுப் போவார். மேசையில சமோசா மிஞ்சிக் கிடக்கும். ஆனா விடிய மூன்றரைக்கு எழும்பினா கையில இருக்கிறது முந்தின பின்னேரம் வாங்கின பணிஸும் ஒரு கதலிப் பழமும்தான். கென்டீன் திறக்கிறது ஆறரைக்குப் பிறகு. அறையில ஹீட்டரும் போட ஏலாது, ரைஸ் குக்கரும் வைக்க ஏலாது. பணிஸைத் தின்டுட்டு பின்னேரம் ரெண்டு மணி லாபில நின்டு பாருங்க, பியூரெட்டில இருக்கிற கோடு ரெண்டாத் தெரியும்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஹொஸ்டலில இருந்து நோன்பு பிடிச்ச ஆக்கள், சஹருக்கு என்ன ஒழுங்கு செஞ்சீங்க? பொதுவா "அல்லாஹ் லேசாக்குவான்" என்டு மட்டும் எழுதாதீங்க, அது எனக்கும் தெரியும்.

கச்சான்_சரை:
மச்சான், என்ர ரூம்மேற் உங்கட ஆள்தான், கிண்ணியா. போன முறை மூண்டரைக்கு அவன்ர அலாரம் அடிக்கும், அவன் எழும்பமாட்டான், நான் எழும்பி அவனை எழுப்புவன். ஏ.எல். படிக்கேக்க அம்மா தண்ணி ஊத்தியும் எழும்பாத ஆள் நான். அந்த மாசம்தான் விடியப்புறம் படிச்சு ரெண்டு பாடத்தில ஏ எடுத்தன். ஆனா நீங்கள் சொல்லுறது உண்மை. அவன் இருட்டில இருந்து மாரி பிஸ்கட்டைத் தண்ணியில தோய்ச்சுத் தின்னுறதைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பழைய_பட்ச்:
பம்பைமடுவில படிச்சு வெளியேறினவன். நாங்க படிக்கிற காலத்தில அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட்டில தான் தனிப் பல்கலைக்கழகம் ஆச்சு. அந்த இடத்தில ஒரு வசதி இருக்கு, புதுசா வாற பிள்ளைகளுக்குத் தெரியாது: மன்னார் றோட்டில சாளம்பைக்குளம் பக்கத்திலயே கிடக்கு, டவுன் பக்கம் போனா பட்டாணிச்சூர். ரெண்டும் முஸ்லிம் ஊர், ரெண்டிலயும் பள்ளி இருக்கு.

நாங்க செஞ்சது இதுதான். சாளம்பைக்குளத்தில ஒரு உம்மாட வீட்டில மாசக் கணக்குக்குப் பேசி வச்சோம். சஹர் நேரத்துக்குக் கொண்டு வரச் சொல்லல்ல. அந்த நேரம் அந்த றோட்டில யாரும் பைக்கில வரவும் கூடாது, நாய் ஒரு பக்கம், யானைப் பயம் ஒரு பக்கம். தறாவீஹ் (நோன்பு ராத்திரித் தொழுகை) தொழுதுட்டு வரக்குள்ள நாங்களே பத்து மணிக்குப் பார்சலை எடுத்து வந்துருவோம். விடியச் சாப்பிடுறது.

இதுல ஒரு விசயம் கவனிக்கணும். ராத்திரி பத்துக்குக் கட்டின சோறு நாலு மணிவரைக்கும் தாங்கணும், ஹொஸ்டலில ஃபிரிஜ் இல்ல. அதனால தேங்காய்ப்பால் விட்ட கறி ஒன்டும் வேணாம் என்டு முதல் நாளே சொல்லிருவோம். பால்கறி லஞ்ச் சீட்டுக்குள்ள சூட்டோட மூடிக் கிடந்தா விடியக்குள்ள புளிச்சி நூல் விட்டிரும். இறைச்சியை நல்லா வத்த வச்சிப் பிரட்டல், பால் விடாத பருப்பு, பொரிச்ச கருவாடு, சீனிச் சம்பல். சோத்தை ஆறவிட்டுக் கட்டச் சொல்லணும். சுடச்சுடக் கட்டினா சீட்டில வேர்த்து, சோறு நசநசத்துப் போகும். இதைச் சொல்லித் தர ஒரு சீனியர் இருந்தா ஒரு மாசம் வயிறு பிழைக்கும்.

கல்முனைக்_காத்து:
பழைய பட்ச் நானா சொல்றது சரி, ஆனா அது வவுனியாவுக்குச் சரி. நான் கிளிநொச்சி அறிவியல்நகர். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூணு பீடமும் இங்கதான். சுத்திவர முஸ்லிம் ஊர் இல்ல, ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகை) டவுனுக்குத்தான் போகணும். பார்சல் கட்டித் தர வீடு இல்ல.

நாங்க பிடிச்ச வழி தயிர். எங்கட பக்கம் சஹரில கடைசியாத் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுச் சோத்தைப் பிசைஞ்சி தின்னாட்டி சஹர் முடிஞ்ச மாதிரியே இருக்காது. வன்னியில எருமைத் தயிருக்குக் குறைச்சலா? சட்டித் தயிர் ஒரு ராத்திரி வெளிய இருந்தா ஒன்டும் ஆகாது, கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக் கடையில வெறும் சோறு மட்டும் வாங்கி வச்சிக்குவோம். அரைச் சட்டித் தயிர், ரெண்டு கோளிக்குட்டு, ஒரு கரண்டி சீனி. அடுப்பு வேணாம், கரண்ட் வேணாம், வார்டன் கண்ணுல படவும் வேணாம். மத்தியானம் வரைக்கும் தாகமே தெரியாது.

கருவாடு, சீனிச் சம்பல் எல்லாம் உப்பு. சஹரில அதைத் தின்டா பத்து மணிக்கே நாக்கு ஒட்டிக்கும். இதுல நானாவோட நான் ஒத்துப்போக மாட்டேன்.

பழைய_பட்ச்:
கருவாடு இல்லாத சஹர் உங்கட பக்கம் இருக்கலாம் தம்பி. நாங்க அதுல வளந்தாக்கள்.

கணக்கன்:
நான் நோன்பு பிடிக்கிற ஆள் இல்லை, எண்டாலும் கேக்கிறன். ஹீட்டர் தடை எல்லாருக்கும் பொதுவானது. பழைய வயரிங், ஒரு பிளக்கில நாலு பேர் போட்டா எரியும். ஒரு ஆக்களுக்கு மட்டும் தளர்த்தச் சொல்லிக் கேட்டால், நாளைக்கு கந்தசஷ்டிக்கு நாங்களும் கேப்பம், தவக்காலத்துக்கு அவையும் கேப்பினம். பிறகு, ஒரு அறையில நாலு பேர். மூண்டரைக்கு லைற் போட்டு, பை திறந்து, தண்ணிப் போத்தலை உருட்டினால் மற்ற மூண்டு பேரும் என்ன செய்யிறது? அடுத்த நாள் அவங்களுக்கும் லெக்சர் இருக்கு. இதைச் சொன்னா உடன இனவாதி எண்டுவியள்.

நீராவிப்பிட்டி_பேரன்:
இனவாதி என்டு யாரும் சொல்லல்ல. லைட் விசயம் நியாயமான முறைப்பாடு. ஹீட்டருக்கு விலக்கும் நான் கேக்கல்ல, திரும்பி வாசிங்க.

மடுறோட்டு:
கணக்கன் அண்ணை தவக்காலத்தை இழுத்ததால நானும் வாறன். மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்கம். இந்த முறை கலண்டரைப் பாத்தனீங்களோ? சிவராத்திரி பெப்ரவரி 15. எங்கட தவக்காலம் தொடங்கிற விபூதிப் புதன் 18. நோன்பு 18 இல்லாட்டி 19. ஒரே கிழமைக்குள்ள மூண்டும். எங்கட அறையில நாலு பேரில ஒருத்தன் சிவராத்திரிக்குக் கண் முழிப்பான், நான் புதன்கிழமை ஒரு நேரம் சாப்பிட்டு ஒருசந்தி, வியாழன் விடிய ரூம்மேற் சஹருக்கு எழும்புவான். நாலாமவன் சிங்களப் பொடியன், குருநாகல். "இந்த அறையில சாப்பிடுறது நான் மட்டும்தான்" எண்டு சிரிப்பான்.

எங்களுக்கு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய ஒருசந்தி, மற்றபடி வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. தண்ணி குடிக்கலாம். உங்கட மாதிரி தண்ணியும் இல்லாமல் ஒரு மாசம் எண்டது வேற கணக்கு. லைற்றுக்கு ஒரு சின்ன வழி: ஃபோன் ரோர்ச்சைக் கட்டிலுக்குக் கீழ தரையைப் பாத்து வச்சால் காணும். அலாரத்தை வைப்ரேற்றில போட்டுத் தலையணைக்குக் கீழ.

மூன்றாம்_மாடி:
பொம்பிளைப் பிள்ளைகள் ஹொஸ்டலைப் பத்தி யாரும் எழுதல்ல, நான் எழுதுறேன். பத்து மணிக்குப் போய் பார்சல் எடுக்கிற கதையெல்லாம் எங்களுக்குச் சரிவராது. எங்கட கேட் ஏழரைக்கே மூடிரும். பள்ளிக்குத் தறாவீஹ் தொழப் போறதும் இல்ல, படிக்கிற அறையில விரிப்புப் போட்டு நாங்களே தொழுவோம். சஹருக்கு வாற சாப்பாடு எல்லாம் பின்னேரம் ஆறு மணிக்கு முந்தி உள்ளுக்கு வந்தாகணும். ஆறு மணிக்கு வந்த சோறு விடிய நாலுக்கு எப்படி இருக்கும் என்டு பழைய பட்ச் நானா சொல்லட்டும்.

அதனால நாங்க சோத்தை விட்டுட்டோம். அவல். வீட்டில இருந்து வரக்குள்ள சிவப்பு அவல், வறுத்த பயத்தம் மா, பேரீத்தம்பழம், தேங்காய்ப்பூவை நல்லா வறுத்து ஒரு டப்பாவில. ஃபிளாஸ்க்கில சுடுதண்ணி. அவலை ஊற வச்சி, பழமும் சீனியும் போட்டா அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிரும்.

இன்னொரு விசயம், கொஞ்சம் வெளிப்படையாவே சொல்றேன். மாசத்தில சில நாள் எங்களுக்கு நோன்பு இல்ல. அதைப் பிறகு களாச் செய்றது, அதாவது வேற நாளில பிடிக்கிறது, அது எங்கட கணக்கு. அந்த நாளில கென்டீனில ஒரு பணிஸ் கடிச்சா, "ஆ, நீங்க நோன்பில்லையா?" என்டு ஒரு பொடியன் கேப்பான். முஸ்லிம் பொடியனும் கேக்கிறான், தமிழ்ப் பொடியனும் கேக்கிறான். ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தனுக்கு உண்மையாவே தெரியாது. அதனால நோன்பில்லாத நாளிலயும் சாப்பிடாம இருந்து வயித்து நோவோட லெக்சரில குந்துற பிள்ளைகள் எத்தனையோ. தயவு செஞ்சி கேக்காதீங்க. யார்கிட்டயும் கேக்காதீங்க. நீரிழிவு, கேஸ்ட்ரிக், பிரயாணம், ஆயிரம் காரணம் இருக்கலாம்.

கச்சான்_சரை:
அக்கா, நானும் கேட்டிருக்கிறன், மரியாதைக்குக் கேக்கிறம் எண்டுதான் நினைச்சனாங்கள். இனி இல்லை.

வெண்கட்டி:
விரிவுரையாளர் ஒருவர் என்ற முறையில் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ரமழானுக்கு முன் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடும். முஸ்லிம் உத்தியோகத்தர்கள் தொழுகையிலும் சமயக் கடமைகளிலும் பங்குபற்ற ஏதுவாக வேலை நேரத்தை ஒழுங்கு செய்யும்படி நிறுவனத் தலைவர்களுக்குச் சொல்வது. அது உத்தியோகத்தருக்கானது, மாணவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விடுதிப் பொறுப்பாளருக்கோ பீடாதிபதிக்கோ கடிதம் எழுதும்போது அதைச் சுட்டிக்காட்டினால் கடிதத்துக்கு எடை கூடும்.

கடிதத்தை எப்போது கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் பட்ச் ரெப் வந்து "சேர், நாலு மணி லாபை மாத்தலாமா?" என்று கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வுகூடம் வேறொரு பட்சுக்குப் போயிருக்கும். நேரசூசி வரைவாக இருக்கும்போது கேளுங்கள். பின்னேர லாபைக் காலைக்கு மாற்றுவதும், வயல் செய்முறையை வெயில் ஏறுமுன் முடிப்பதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவோடு மோதாமல் விரிவுரை வைப்பதும் பெரிய காரியங்கள் அல்ல. பரீட்சைத் திகதியை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அது நடக்காது, கேட்டவருக்குப் பெயர்தான் கெடும்.

சஹர் விடயத்தில் ஹீட்டர் விலக்குக் கேட்பதைவிட ஒரு பொது இடம் கேளுங்கள். விடுதிக் கென்டீனின் சாப்பாட்டு மண்டபத்தை மூன்றரையிலிருந்து ஐந்து வரை திறந்து, ஒரு மின் கேத்தலும் ஒரு பணியாளரும். பணியாளரின் மேலதிக நேரக் கொடுப்பனவைச் சஹர் சாப்பிடுபவர்களே பகிர்ந்துகொள்வதாக எழுதிக் கொடுங்கள். கணக்கன் சொன்ன வெளிச்சப் பிரச்சினையும் அதோடு தீரும், அறையில் யாரும் எழும்ப வேண்டியதில்லை.

கணக்கன்:
சேர் சொன்னது எனக்குச் சரி. மண்டபம் எண்டால் நான் எதிர்ப்பில்லை.

சரி, கணக்கு ஒண்டும் சொல்லிட்டுப் போறன். சந்திர வருசம் 354 அல்லது 355 நாள். அதால நோன்பு வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முந்தும். இந்த முறை மாசிப் பனி, விடிய எழும்பக் குளிர்தான். 2030இல ஜனவரி முதல் கிழமையில ஒரு நோன்பு, டிசம்பர் கடைசியில அடுத்த நோன்பு, ஒரே வருசத்தில ரெண்டு. அப்ப இங்க மாரி. லண்டனில கோடையில நோன்பு வந்தா பதினேழு பதினெட்டு மணித்தியாலம் போகும். வன்னி நடுக்கோட்டுக்குக் கிட்ட எண்டதால எந்த மாசம் வந்தாலும் பதின்மூண்டு மணித்தியாலம், அங்கால இங்கால கொஞ்சம். ஆகவே உங்களுக்கு வித்தியாசம் பண்ணுறது நேரம் இல்லை, வெக்கைதான். இனி வாற நாலைஞ்சு வருசம் உங்களுக்கு லாபம்.

கல்முனைக்_காத்து:
கணக்கன் அண்ணே, நீங்க எங்கட மஜ்லிஸுக்கு வாங்க, நேரசூசி போட ஆள் தேவை.

நேரம் என்டதும்தான் ஞாபகம். ஜம்இய்யத்துல் உலமா (மார்க்க அறிஞர் சபை) போடுற தொழுகை நேரசூசியில வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குத் தனிப் பக்கம் இருக்கு. அதைப் பாருங்க. ரேடியோவில கொழும்புப் பாங்கு கேட்டுட்டு அதுவரைக்கும் சாப்பிடுற பழக்கம் புது ஆக்களுக்கு இருக்கு. இங்க ஓரிரு நிமிசம் முந்தியே விடியலாம். தொடக்கத்தில சஹர் அஞ்சு மணி தாண்டி முடியும், மாசக் கடைசியில அஞ்சுக்குக் கிட்ட வந்திரும். மண்டபத்தை அஞ்சு வரைக்கும் என்டு எழுதக்குள்ள அதையும் யோசிங்க.

பிறை ராத்திரியும் ஒரு தலையிடி. கொழும்புப் பெரிய பள்ளியில இருந்து அறிவிப்பு வாறதுக்குள்ள சாப்பாட்டுக் கடை மூடிரும். நோன்பா இல்லையா என்டு தெரியாமச் சோறு வாங்கி வைக்கணும். முதல் நாளுக்கு அவல்தான் நல்லம், நோன்பு இல்லாட்டியும் அவல் பழுதாகாது.

சும்மா_வந்தவன்:
சஹர் இல்லாட்டி நோன்பு செல்லாதோ? ஏன் இவ்வளவு பாடு?

பழைய_பட்ச்:
செல்லும் தம்பி. சஹர் சுன்னத்து, அதுல பரகத் இருக்கு. சஹர் செய்யாம நோன்பு பிடிக்கிறவங்க இருக்காங்க. ஆனா மூணு நாள் அப்படிப் பிடிச்சி, நாலாம் நாள் மயங்கி விழுந்து சேலைன் ஏத்தி, நோன்பை விட்டு, உம்மா வவுனியாவுக்கு பஸ் ஏறி வந்து... இதெல்லாம் கண்டாச்சு.

மடுறோட்டு:
பேரன், உங்கட பேரைப் பாத்து யோசிச்சன். நீராவிப்பிட்டி எண்டால் முல்லைத்தீவோ?

நீராவிப்பிட்டி_பேரன்:
ஓம். உம்மம்மாட ஊர். 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேத்தினப்போ அங்க இருந்து புத்தளம் போனாங்க. நான் பிறந்தது வளந்தது எல்லாம் புத்தளம். கம்பஸ் கிடைச்சு வன்னிக்கு வந்த பிறகுதான் அந்த ஊரை முதல் தரம் பாத்தேன். உம்மம்மா சொல்லுவா, நோன்பு காலத்தில பின்னேரம் கஞ்சி வடிச்சா தூக்குச் சட்டியில பக்கத்துத் தமிழ் வீட்டுக்கும் போகுமாம். கேட்டதால சொன்னேன், வரலாறு பேச வேற இழை தொடங்கலாம்.

கச்சான்_சரை:
கஞ்சி எண்டதும் ஒரு வேண்டுகோள். பட்ச் இஃப்தாரை வெள்ளிக்கிழமை வைக்காதேங்கோ. எங்களில பாதிப் பேர் வெள்ளி செவ்வாய் மரக்கறி, மடுறோட்டு ஆக்களும் தவக்கால வெள்ளியில இறைச்சி தொடாயினம். போன முறை கஞ்சி வாசம் மண்டபம் முழுக்க, நாங்கள் பத்துப் பேர் வத்தகப்பழத்தைப் பாத்துக்கொண்டு இருந்தம். மாட்டிறைச்சிக் கஞ்சி எண்டால் அதை முதலே சொல்லிப்போட்டு மற்றப் பானையைத் தள்ளி வையுங்கோ, கரண்டியும் வேறயா. சிலர் கேக்க வெக்கப்பட்டு ஒண்டும் சாப்பிடாமப் போகினம்.

மூன்றாம்_மாடி:
வெந்தயம், இஞ்சி, ரம்பை, தேங்காய்ப்பால் போட்டு மரக்கறிக் கஞ்சியும் நல்லாத்தான் இருக்கும். கேரட் கொஞ்சம் துருவிப் போடணும். செஞ்சி தரலாம்.

நீராவிப்பிட்டி_பேரன்:
சரி, இப்ப வேலைக்கு வருவோம். மண்டபத்துக்கான கடிதத்தை இன்டைக்கு எழுதுறேன், வெண்கட்டி சேர் சொன்ன மாதிரி மேலதிக நேரக் காசு எங்கட பொறுப்பு என்டும் போடுறேன். ஆண்கள், பெண்கள் ஹொஸ்டல் ரெண்டுக்கும் தனித்தனிக் கடிதம். பட்ச் இஃப்தார் திங்கள் இல்லாட்டி புதன். இஃப்தாருக்கு வாற காசில பாதியைச் சஹருக்கு ஒதுக்கச் சொல்லி மஜ்லிஸில கேக்கப் போறேன். பேனர் இல்லாத காசு கிடைக்குமா என்டு பாப்போம். பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம் பக்கம் பார்சல் கட்டித் தாற வீடு தெரிஞ்ச ஆக்கள் தனிச்செய்தியில அனுப்புங்க, பொதுவில நம்பர் போடாதீங்க.

கச்சான்_சரை:
தயிர் எங்கட வீட்டில இருந்து எடுக்கலாம், மாங்குளம் பக்கம், அப்பா எருமை வச்சிருக்கிறார். கிழமைக்கு ரெண்டு தரம் பஸ்ஸில போட்டு விடச் சொல்லுறன். எத்தனை சட்டி எண்டு முதல் நாளே சொல்லோணும். காசு பிறகு பாப்பம், ஆனா வெறும் சட்டியைக் கழுவித் திருப்பித் தராட்டி அம்மா அடுத்த தயிர் அனுப்பமாட்டா.

கல்முனைக்_காத்து:
அறிவியல்நகருக்கும் நாலு சட்டி. கழுவி முறிகண்டியில பஸ்ஸில ஏத்தி விடுறோம்.